ஆர்.சி. டிரக்கில் ஜெட் டர்பைன்: எஞ்சினை வாங்கும் முன் பிரேக்கைப் பாருங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: சும்மா கிடக்கும் 1/5 அளவு பெட்ரோல் ஆர்.சி. (ரேடியோ கண்ட்ரோல்) டிரக்கின் எஞ்சினைக் கழற்றிவிட்டு, மாடல் விமானங்களில் வரும் ஜெட் டர்பைனை வைத்தால் 200 கி.மீ. வேகம் வருமா? எத்தனை கிலோ த்ரஸ்ட் (உந்துவிசை) எஞ்சின் வாங்கலாம்? அமெரிக்க விமானக் காட்சிகளில் ஓடிய ஷாக்வேவ் ஜெட் லாரி மாதிரி பின்னால் தீ கக்குமா? மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் எந்த எஞ்சின் என்பது இதில் கடைசியாக முடிவு செய்ய வேண்டிய சங்கதி. வண்டியை எப்படி நிறுத்துவது, எப்படி நேராக ஓட வைப்பது, எரிபொருள் குழாயில் காற்று புகாமல் எப்படிக் காப்பது என்ற மூன்றும் தீர்ந்த பிறகு எஞ்சின் அளவு தானாகவே வந்து நிற்கும். நீங்கள் சொன்ன ஷாக்வேவையே எடுத்துக்கொள்ளுங்கள். பீட்டர்பில்ட் லாரியின் முதுகில் மூன்று வெஸ்டிங்ஹவுஸ் ஜே-34 ஜெட் எஞ்சின்கள். அத்தனை பெரிய வண்டியை நிறுத்தப் பாராசூட் விரித்தார்கள். அந்தப் பாராசூட்டை அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள்.

சாதாரண ஆர்.சி. டிரக்கில் சக்கரம் தரையைப் பிடித்துத் தள்ளுகிறது. ட்ரிகரை விட்டால் எஞ்சினே பாதி பிரேக். ஜெட்டில் சக்கரம் வெறுமனே உருளுகிறது, தள்ளுவது காற்று. அதனால் புறப்படும்போது டயர் வழுக்காது; அது லாபம். நஷ்டங்கள் நிறைய. ரிவர்ஸ் கிடையாது, எஞ்சின் பிரேக் கிடையாது. த்ராட்டிலைக் குறைத்த பிறகும் டர்பைன் சுற்று இறங்க இரண்டு மூன்று விநாடி ஆகும், அதுவரை தள்ளிக்கொண்டே இருக்கும். ஐடிலில், அதாவது எஞ்சின் மிகக் குறைந்த சுற்றில் ஓடும்போது, வரும் 2, 3 நியூட்டன் உந்துவிசைக்கே, பேரிங் நன்றாக உருளும் வண்டி சமதளத்தில் மெல்ல நகரப் பார்க்கும். ஐடிலிலிருந்து முழு வேகத்துக்கு ஏறவும் மூன்று முதல் ஐந்து விநாடி. பெட்ரோல் டிரக் ஓட்டிப் பழகிய விரலுக்கு இந்தத் தாமதம் பிடிபடச் சில நாளாகும்.

வேகக் கணக்கைப் பார்ப்போம். எஞ்சின், டேங்க், எரிபொருள் எல்லாம் சேர்த்து வண்டி 12 கிலோ என்று வையுங்கள். முன்பக்கப் பரப்பு 45 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரம், அதாவது 0.11 சதுர மீட்டர். பிக்கப் பாடியின் காற்றிழுவை எண் 0.7. எஞ்சின் 60 நியூட்டன், கிலோ கணக்கில் ஆறுக்குக் கொஞ்சம் மேல். உருளும் தடைக்கு 3.5 நியூட்டன் போனால் புறப்படும்போது விநாடிக்கு விநாடி 4.7 மீட்டர் முடுக்கம், கிட்டத்தட்ட அரை ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதி). வேகம் ஏற ஏறக் காற்று இழுவை இருமடியில் கூடும். எஞ்சினும் உள்ளே வாங்கும் காற்றுக்காக ஐந்து ஆறு நியூட்டனை இழக்கும். இரண்டையும் கழித்தால் உச்ச வேகம் மணிக்கு 120 கி.மீ. அருகில் நின்றுவிடும். உந்துவிசையை இருமடங்காக்கினாலும் வேகம் 1.4 மடங்குதான் கூடும். இதே பாடியில் 200 கி.மீ. வேண்டுமென்றால் 160, 170 நியூட்டன் எஞ்சின் கேட்கும். அதற்குப் பதில் பாடியைத் தாழ்த்தி, முன்பக்கத்தைச் சரித்து, அடிப்பக்கத்தைத் தட்டையாக மூடிப் பரப்பை 0.09-க்கும் இழுவை எண்ணை 0.4-க்கும் கொண்டுவந்தால், 100 நியூட்டன் எஞ்சினே 200-ஐத் தொடும். இவை காகிதக் கணக்கு. உந்துவிசையும் எடையும் தராசில் நிறுத்துப் பார்க்கக்கூடியவை, அவற்றை நம்பலாம். இழுவை எண் என் ஊகம். சக்கர வளைவு திறந்திருக்கிறதா, அடியில் கம்பிகள் தொங்குகின்றனவா என்பதைப் பொறுத்து அது தாராளமாக மாறும். உச்ச வேகத்தில் பத்துப் பதினைந்து சதவீதம் ஏறவோ இறங்கவோ வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஓடுபாதை. அதே 12 கிலோ, 60 நியூட்டன் வண்டி 100 கி.மீ. வேகத்தைத் தொட எட்டரை விநாடியும் 140 மீட்டரும் எடுக்கும். த்ராட்டில் விட்டு எஞ்சின் அடங்குவதற்குள் இன்னொரு 60, 70 மீட்டர். நல்ல பிரேக் விநாடிக்கு விநாடி 4 மீட்டர் என்ற கணக்கில் பிடித்தால் நிற்க ஏறக்குறைய 100 மீட்டர். கூட்டினால் 300 மீட்டரைத் தாண்டுகிறது. பிழைக்கு இடம் விட்டு 400 மீட்டர் நேரான, சுத்தமான கான்கிரீட் அல்லது தார்த்தளம் வேண்டும். அது கைவசம் இல்லையென்றால் டர்பைனைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

இடமும் பணமும் குறைவென்றால் மின்விசிறி ஜெட், அதாவது ஈ.டி.எஃப்., ஒரு நல்ல வழி. 1/10 அளவு டிரக், மொத்தம் 3 கிலோ, முதுகில் 70 மி.மீ. விசிறி. 2 கிலோ அளவுக்குத் தள்ளும். நின்ற இடத்தில் 0.6 ஜி. வேகம் ஏறும்போது விசிறியின் தள்ளு சீக்கிரம் வடிந்துவிடும், ஏனென்றால் அது வெளியே விடும் காற்றின் வேகமே விநாடிக்கு 80, 90 மீட்டர்தான். மணிக்கு 80, 85 கி.மீ.யில் நின்றுபோகும். ஆனால் ட்ரிகரை விட்டதும் தள்ளு நின்றுவிடும், சூடு கிடையாது, தீ கிடையாது. ஸ்டீரிங், பாடி, பிரேக் எல்லாவற்றையும் இதில் சரிசெய்து பார்த்துவிட்டுப் பிறகு பெரியதுக்குப் போவதுதான் என் சிபாரிசு. சத்தம் மட்டும் முடி உலர்த்தும் கருவி மாதிரி இருக்கும். அதை மன்னிக்க முடியாதவர்கள்தான் டர்பைனுக்குப் போகிறார்கள் என்று நினைக்கிறேன்.

டர்பைன் என்று முடிவானால், ஜெட்கேட், கிங்டெக் போன்றவர்களின் 60 நியூட்டன் வகுப்பு எஞ்சின் முதல் வண்டிக்குப் போதும். எஞ்சின் மட்டும் ஒரு கிலோவுக்குள் இருக்கும், நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும், முழு வேகத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ கால் லிட்டர் குடிக்கும். கட்டுப்பாட்டுப் பெட்டியான ஈ.சி.யு., பம்ப், வால்வுகள், வெப்ப உணர்வி எல்லாம் சேர்ந்தே வரும். அதைத் தனித்தனியாக வெவ்வேறு இடத்தில் வாங்கிச் சேர்க்க வேண்டாம். வீட்டிலேயே டர்பைன் செய்வது முடியாத காரியமல்ல. 1990-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் குர்ட் ஷ்ரெக்லிங் வீட்டுப் பட்டறையில் செய்து காட்டிய பிறகுதான் இந்தப் பொழுதுபோக்கே பரவியது. ஆனால் காற்றை அழுத்தும் 66 மி.மீ. கம்ப்ரசர் சக்கரம் 1,15,000 சுற்றில் சுழன்றால் அதன் விளிம்பு விநாடிக்கு 400 மீட்டர் வேகத்தில் போகிறது. பேலன்ஸ் பிசகி அது சிதறினால் பக்கத்தில் நிற்பவர் கதி என்ன என்று யோசியுங்கள். டிரக் கட்டுவதும் டர்பைன் கட்டுவதும் இரண்டு தனி வேலைகள். ஒரே நேரத்தில் கை வைக்காதீர்கள்.

சேஸிஸில் நிறைய பேர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பெட்ரோல் எஞ்சினைக் கழற்றும்போது, இனி சக்கரத்துக்குச் சக்தி வேண்டாமே என்று, முன், பின் அச்சுகளுக்குச் சக்தியைப் பிரிக்கும் நடு டிஃப்ரென்ஷியல், ப்ரொப்பல்லர் ஷாஃப்ட், ஆக்சில் எல்லாவற்றையும் எடைக்காகப் பிடுங்கிவிடுகிறார்கள். இந்த டிரக்குகளில் பெரும்பாலும் பிரேக் டிஸ்க் உட்கார்ந்திருப்பது நடு டிஃப்ரென்ஷியலின் இரு பக்கமும்தான். ஷாஃப்ட் போனால் பிரேக்கும் போயிற்று. ஆகவே எஞ்சினையும் கிளச்சையும் மட்டும் எடுங்கள். மற்றது இருக்கட்டும். டிஸ்க்கும் பேடும் புதிதாக மாற்றி, பிரேக்கை இழுக்க 20 கிலோ-செ.மீ.க்குக் குறையாத சர்வோ (சின்ன இயக்கு மோட்டார்) போடுங்கள். முன்சக்கரப் பிடிப்பைப் பின்சக்கரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக வையுங்கள். பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி பம்பரமாகச் சுற்றும்.

பிரேக்குக்கும் ரிவர்ஸுக்கும் ஒரு சின்ன பிரஷ்லெஸ் மோட்டாரை டிரான்ஸ்மிஷனில் விட்டுவைக்கலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. வைக்கலாம், ஆனால் கியர் கணக்கு போட்டாக வேண்டும். டர்பைன் தள்ளும் வேகத்தில் சக்கரம் மோட்டாரைத் திருப்பிச் சுழற்றும். மோட்டாரின் கே.வி. எண்ணை (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது) பேட்டரி வோல்ட்டால் பெருக்கினால் வரும் சுற்றைவிட அது வேகமாகச் சுழன்றால், மோட்டார் ஜெனரேட்டராகி மின்சாரத்தைக் கட்டுப்பாடில்லாமல் ஸ்பீட் கண்ட்ரோலருக்குள் திருப்பி ஊற்றும். கண்ட்ரோலர் புகையும். 17 செ.மீ. டயர் 120 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,700 சுற்று. அதைக் கியர் விகிதத்தால் பெருக்கிப் பார்த்து, மோட்டாரின் எல்லைக்கு இருபது சதவீதமாவது கீழே இருந்தால் மட்டும் வையுங்கள்.

பாராசூட்டை மாடலிலும் தாராளமாக வைக்கலாம், விளையாட்டல்ல. 60 செ.மீ. விட்டமுள்ள நைலான் பாராசூட் 100 கி.மீ. வேகத்தில் 130 நியூட்டன் அளவுக்கு இழுக்கும். 12 கிலோ வண்டிக்கு அது ஒரு ஜியைத் தாண்டிய பிரேக். வேகம் பாதியானால் இழுவை கால்பங்காகும், அப்போது டிஸ்க் பிரேக் பார்த்துக்கொள்ளும். கயிற்றில் எஞ்சினுக்கு அருகிலுள்ள முதல் ஒரு மீட்டரை எஃகுக் கம்பியாக வையுங்கள். கட்டுமிடம் வண்டியின் நடுக்கோட்டில், பின்னச்சு உயரத்தில் இருக்கட்டும். உயரத்தில் கட்டினால் மூக்கைத் தூக்கிவிடும், ஓரத்தில் கட்டினால் திருப்பிவிடும். எஞ்சின் ஐடிலுக்கு இறங்கிய பிறகே விரிய வேண்டும், இல்லையென்றால் நைலான் உருகி ஒரு கட்டியாக வந்து விழும்.

எஞ்சினை எங்கே உட்கார வைப்பது என்பதில் உயரம்தான் முக்கியம். உந்துகோடு வண்டியின் எடை மையத்துக்கு 8 செ.மீ. மேலே இருந்தால் 60 நியூட்டனுக்கு 4.8 நியூட்டன்-மீட்டர் திருப்பம். 57 செ.மீ. சக்கர இடைவெளியில் அது பின்னச்சிலிருந்து 8 நியூட்டனை எடுத்து முன்னச்சில் போடும். இவ்வளவு தாங்கும், ஸ்டீரிங்குக்கு நல்லதும்கூட. 15 செ.மீ. உயரத்தில் தோரணையாகத் தூக்கி வைத்தால் பின்பக்கம் லேசாகி ஆடத் தொடங்கும். எடை மையத்துக்குக் கீழே போனால் நிலைமை மோசம்: மூக்கு தூக்கும், அடியில் காற்று புகும், மிச்சத்தைச் சொல்ல வேண்டாம். எடையில் 52, 55 சதவீதம் முன்னச்சில், மூக்கு இரண்டு டிகிரி தாழ்வாக, பின்சக்கரங்களுக்கு இரண்டு டிகிரி உள்நோக்கம் என்று தொடங்குங்கள். ஸ்டீரிங் திருப்பத்தைப் பாதியாகக் குறைத்து, வண்டி விலகினால் ஸ்டீரிங்கைத் தானே திருத்தும் ஜைரோவைக் குறைந்த அளவில் வையுங்கள். ஜைரோவைக் கூட்டினால் அதிவேகத்தில் வண்டி தானே நெளியும்.

ஏற்றும் தகடு 3 மி.மீ. அலுமினியம் போதும். அதன் மேல் 0.3 மி.மீ. ஸ்டெயின்லெஸ் வெப்பத் தடுப்பு, இடையில் ஒரு விரல் கனத்துக்குக் காற்று இடைவெளி. வெளிவரும் வாயு எஞ்சினின் பின்முனையான நாசிலில் 600 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அலுமினியம் 660-இல் உருகும், லெக்ஸான் என்ற பிளாஸ்டிக் பாடி 150-க்கு முன்பே தொய்யும். எனவே நாசில் பாடிக்கு வெளியே நீண்டிருக்கட்டும், ஒன்றிரண்டு டிகிரி மேல்நோக்கி. கீழ்நோக்கி இருந்தால் தார்ச்சாலையை இளக்கிவிடும். சின்ன விஷயம் ஒன்று: எஞ்சினைப் பிடிக்கும் போல்ட்டுகளில் நைலான் வளையம் வைத்த பூட்டு நட்டைப் போடாதீர்கள். சூட்டில் நைலான் இளகி, நட்டு கையாலேயே கழன்று வரும். திரெட்லாக் பசையும் அங்கே நிற்காது. முழு உலோகப் பூட்டு நட்டுதான்.

காற்று உள்வாங்கும் வாய்க்குத் துருப்பிடிக்காத கம்பிவலை கட்டாயம். விமானத்தில் எஞ்சின் உயரத்தில் இருக்கிறது. டிரக்கில் தரையிலிருந்து ஒரு சாண். முன்சக்கரம் தெறிக்கும் ஒரு கல் போதும், கம்ப்ரசர் இதழ் போய்விடும். பாடிக்குள் மூடி வைத்தால், காற்று வரும் திறப்புகளின் மொத்தப் பரப்பு எஞ்சின் வாயைப்போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். காற்று குறைந்தால் வெப்பம் ஏறி ஈ.சி.யு. எஞ்சினை அணைத்துவிடும், பழியை நீங்கள் எரிபொருள் மேல் போடுவீர்கள்.

எரிபொருள் அமைப்பில்தான் பாதிப் பேரின் எஞ்சின் நடுவழியில் அணைகிறது. மண்ணெண்ணெய், ஜெட் ஏ-1, பல எஞ்சின்களில் டீசலும் ஓடும். எது என்பதைக் கையேட்டில் பார்த்து, ஈ.சி.யு.விலும் அதன்படி அமைத்துக்கொள்ளுங்கள். 20 லிட்டருக்கு 1 லிட்டர் டர்பைன் எண்ணெய், மொபில் ஜெட் ஆயில் 2 அல்லது ஏரோஷெல் 500. இந்த எண்ணெயில்தான் பேரிங் உயிர் வாழ்கிறது, எனவே கலக்க மறந்தால் சில நிமிடத்தில் பேரிங் போகும். எண்ணெய் தோலுக்கு ஆகாது, கையுறை போட்டுக் கலக்குங்கள். டேங்க் ஒன்றரை லிட்டர், எடை மையத்துக்கு அருகில். புறப்படும்போது எரிபொருள் பின்னுக்கு ஓடும், பிரேக் பிடித்தால் முன்னுக்கு. உறிஞ்சும் முனை ஒரே இடத்தில் இருந்தால் ஏதாவது ஒன்றில் காற்றைக் குடிக்கும். அதனால் பெரிய டேங்குக்கும் பம்புக்கும் இடையில், எப்போதும் நிரம்பியே இருக்கும் 100 மில்லி காற்றுப்பிடிப்பு டேங்க் ஒன்று அவசியம். குழாய் முழுக்க ஒளி ஊடுருவுவதாக இருக்கட்டும். எஞ்சினை ஏற்றாமல் பம்பை மட்டும் ஓட்டி, வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்துப் பாருங்கள். கடுகளவு குமிழ்கள் வரிசையாகப் போனால் பம்புக்கு முந்தைய ஏதோ ஓர் இணைப்பு காற்றை இழுக்கிறது. அங்கே உள்ளிழுப்பதால் வெளியே ஒரு சொட்டும் கசியாது, தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வோர் இணைப்பாகக் கழற்றி, குழாய் முனையை இரண்டு மி.மீ. வெட்டிவிட்டுத் திரும்பச் செருகுங்கள். பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

ரேடியோவில் ஃபெயில்சேஃப்: சிக்னல் போனால் எஞ்சின் முழுக்க அணைய வேண்டும், பிரேக் முழுக்கப் பிடிக்க வேண்டும், ஸ்டீரிங் நேராக நிற்க வேண்டும். விமானக்காரர்கள் சிலர் ஐடிலுக்கு அமைப்பார்கள்; டிரக்குக்கு அது தவறு. வண்டியைத் தூக்கி நிறுத்தி, எஞ்சின் ஐடிலில் இருக்கும்போது டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பார்த்த பிறகே சக்கரம் தரையில் பட வேண்டும். ரிசீவருக்கும் ஈ.சி.யு.வுக்கும் தனித்தனிப் பேட்டரி.

முதல் ஸ்டார்ட்டின்போது வண்டியைக் கயிற்றால் பின்னிருந்து அசையாத கம்பத்தில் கட்டி, இடையில் ஒரு தொங்கு தராசைச் செருகுங்கள். உந்துவிசை எவ்வளவு என்று அதிலேயே தெரிந்துவிடும். கயிற்றை வாயுத்தாரைக்கு விலக்கிப் பக்கவாட்டிலிருந்து இரண்டாகப் பிரித்துக் கட்ட வேண்டும். மூக்கு காற்று வரும் திசையைப் பார்க்கட்டும். பின்காற்றில் ஸ்டார்ட் செய்தால் சூடு ஏறும். ஸ்டார்ட்டர் முனகும், பற்றும்போது பொத்தென்று ஒரு சத்தம், பிறகு சுற்று ஏறும். பற்றாமல் போனால் உடனே மறுபடி பொத்தானை அழுத்தாதீர்கள். உள்ளே தேங்கிய எரிபொருள் அடுத்த முறை நாசில் வழியாக மீட்டர் நீளத்துக்குத் தீயாக வரும். எஞ்சினைச் சாய்த்து முழுக்க வடித்துவிட்டு, ஸ்டார்ட்டரால் காற்று ஊதி உலர்த்திய பிறகுதான் அடுத்த முயற்சி. தீயணைப்பான் கார்பன் டை ஆக்சைடு வகை. பொடி வகை தீயை அணைக்கும், கூடவே எஞ்சினையும் முடித்துவிடும். காதுக்கு அடைப்பு இல்லாமல் அருகில் நிற்க வேண்டாம், வண்டிக்கு நேர் பின்னாலும் டர்பைனுக்குள் சுழலும் சக்கரத்துக்கு நேர் பக்கவாட்டிலும் யாரும் நிற்கக் கூடாது. அணைத்த பிறகு ஸ்டார்ட்டர் தானே சுற்றிச் சூட்டை 100 டிகிரிக்குக் கீழே இறக்கும். அவசரத்தில் அதற்குள் பேட்டரியைக் கழற்றினால், மிச்சச் சூட்டில் பேரிங்கிலுள்ள எண்ணெய் கருகி ஒட்டும்.

கடைசியாக, தீ. இந்த அளவு மாடலில் ஆஃப்டர்பர்னர், அதாவது வெளிவரும் வாயுவில் மறுபடி எரிபொருள் ஊற்றி எரிக்கும் குழாய், பற்றி ஆசைப்பட வேண்டாம். குழாயும் கூடுதல் எரிபொருளும் சேர்க்கும் எடைக்கும் ஆபத்துக்கும் கிடைப்பது சொற்பம். பார்க்கிறவர்களுக்கு வேண்டியது புகைதான், அது எளிது. தனியாக அரை லிட்டர் டீசல் டேங்க், ஒரு சின்ன பம்ப், நாசிலுக்கு வெளியே வாயுத்தாரையில் முனை நீட்டிய 2 மி.மீ. பித்தளைக் குழாய். டீசல் சூட்டில் ஆவியாகி, வெளிக்காற்று பட்டதும் அடர்ந்த வெள்ளைப் புகையாகும். எஞ்சின் பாதிக்கு மேல் சுற்றில் இருக்கும்போது மட்டும் பம்பைத் திறக்கும்படி டிரான்ஸ்மிட்டரில் மிக்ஸ் போட்டுவிடுங்கள். ஐடிலில் திறந்தால் ஆவியாகாத டீசல் ஓடுபாதையில் சொட்டும், திரும்பி வரும்போது உங்கள் டயரே அதன் மேல் ஏறும்.